மண் ட்ராக் கார்: டயர் ஸ்டாகர், சேஸி செட்டப் – திருகோணமலைப் பொடியள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

யூடியூப்பில அமெரிக்காவில மண் ட்ராக்கில ஓடுற ஸ்பிரிண்ட் கார் ரேசைப் பாத்திட்டு "அண்ணை, பின்னால வலப்பக்கச் சில்லு ஏன் அவ்வளவு பெரிசு, எங்கட நிசான் மார்ச் காருக்கும் அப்பிடிப் போட்டா என்ன" எண்டு கேக்கிற ஆக்கள் இப்ப கூடிப்போச்சினம். ஒவ்வொருத்தருக்கும் வட்ஸ்அப்பில தனித்தனியா வொய்ஸ் அனுப்பி அலுத்துப்போச்சு, அதான் ஒரே இடத்தில எழுதிப்போடுறன். கேள்வி ரெண்டு பக்கத்தால வருது. ஒண்டு உவர்மலை, பாலையூற்று, சீனக்குடா பக்கத்துப் பொடியள், அனுராதபுரத்தில சாலியபுர கஜபா சுப்பர் குரொஸ், சீகிரியா ரலி குரொஸ் இதுகளுக்குக் காரைக் கொண்டு போக ஆசைப்படுற ஆக்கள். மற்றது இங்கயிருந்து கனடா போனவை. அங்க ஒன்ராறியோவில ஓஸ்வீகன், மெரிட்வில் எண்டு ரெண்டு களிமண் ஓவல் (நீள்வட்ட ட்ராக்) இருக்கு, ரெண்டும் 3/8 மைல், அங்க யாரோ ஒரு வெள்ளைக்காரன்ர டீமில ஸ்பானர் பிடிக்கப் போய் நிண்டுகொண்டு கேள்வி அனுப்புவினம்.

முதல்லயே ஒண்டைச் சொல்லிவிடுறன். ஸ்டாகர், அதாவது அந்த வலப்பக்கச் சில்லைப் பெரிசாப் போடுறது, வளைவெல்லாம் இடப்பக்கமே இருக்கிற ஓவலுக்கு உரிய சாமான். எங்கட நாட்டு மண் ட்ராக்கில இடமும் வலமும் மாறி மாறி வரும். அங்க உங்களுக்கு வேண்டியது ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

கேள்வி: சரி, ஸ்டாகர் எண்டா என்ன?

பின் வலது டயரின்ர சுற்றளவில இருந்து பின் இடது டயரின்ர சுற்றளவைக் கழிச்சா வாறதுதான் ஸ்டாகர். விட்டம் இல்லை, சுற்றளவு, கன பேர் இதில குழம்பிறவை. வலது 2200 மிமீ, இடது 2120 மிமீ எண்டா ஸ்டாகர் 80 மிமீ. அமெரிக்காக்காரர் இஞ்சியிலதான் கதைப்பினம், 80 மிமீ எண்டா அவைக்கு மூண்டு இஞ்சியும் கொஞ்சமும். முன் டயருக்கும் ஸ்டாகர் எண்டு சொல்லுறது இருக்கு, ஆனா சும்மா ஸ்டாகர் எண்டு சொன்னா பின் சில்லைத்தான் சொல்லுறாங்கள் எண்டு எடுங்கோ.

கேள்வி: ஏன் அப்பிடி ஒரு பக்கம் பெரிசாப் போடுறாங்கள்?

அந்தக் கார்களில பின்னுக்கு டிப் (டிஃபரன்ஷியல்) இல்லை, அதான் காரணம். எங்கட ரோட்டுக் கார் வளையேக்க வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓடோணும், உள்பக்கச் சில்லு குறைய ஓடும், அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் பாத்துக்கொள்ளும். ஸ்பிரிண்ட் காரிலயும் வேற கன மண் ஓவல் கார்களிலயும் ரெண்டு பின் சில்லும் ஒரே அக்சிலில பூட்டினபடி, ஒண்டு ஒரு சுற்றுச் சுத்தினா மற்றதும் ஒரு சுற்றுத்தான். ரெண்டும் ஒரே சைஸ் எண்டா கார் நேராத்தான் போகப் பாக்கும், வளைவில ஒரு டயர் தேய்ஞ்சு இழுபட்டுத்தான் வரும். வலது பெரிசா இருந்தா? ஒரு பிளாஸ்டிக் கப்பை, அடி ஒடுங்கி வாய் அகலமா இருக்குமே, அதை மேசையில உருட்டி விட்டுப் பாருங்கோ, நேராப் போகாது, வட்டமாத்தான் சுத்தும். அவ்வளவுதான் விசயம்.

இன்னொண்டு, அந்த ஸ்பிரிண்ட் காருக்கு கியர் பொக்ஸும் இல்லை கிளச்சும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை, பின்னால ஒரு பிக்கப்பால தள்ளித்தான் ஸ்டார்ட் எடுக்கிறது. ஆனபடியா அதில இருக்கிற எதையும் அப்பிடியே எங்கட காருக்குக் கொண்டுவர முதல் ரெண்டு தரம் யோசியுங்கோ.

கேள்வி: எவ்வளவு ஸ்டாகர் வேணும்? கணக்கு ஒண்டும் இல்லையோ?

இருக்கு, எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். டயர் சுற்றளவைக் காரின்ர பின் சில்லு ரெண்டுக்கும் இடையில உள்ள அகலத்தால பெருக்கி வளைவின்ர ஆரையால பிரிக்கோணும். டயர் 2200 மிமீ, அகலம் 1.5 மீற்றர் எண்டு வையுங்கோ. வளைவின்ர ஆரை 30 மீற்றர் எண்டா 110 மிமீ வரும். 40 மீற்றர் எண்டா 82. 70 மீற்றர் எண்டா 47 தான். சின்ன ட்ராக்குக்குக் கூடின ஸ்டாகர், பெரிய ட்ராக்குக்குக் குறைஞ்ச ஸ்டாகர் எண்டு சொல்லுறது இதாலதான். ஒகாயோவில இருக்கிற எல்டோரா, அயோவாவில இருக்கிற நொக்ஸ்வில் எல்லாம் அரை மைல், ஒரு கால் மைல் ட்ராக்கில வேலை செய்த செட்டப்பை அங்க கொண்டு போனா சரிவராது.

இது கார் சறுக்காமல் பாதையில சுத்தமா உருண்டு போகுது எண்டு வைச்சுப் போட்ட கணக்கு. மண்ணில எந்தக் கார் சறுக்காமல் போகுது? அதோட நேர்ப்பாதையும் இருக்கு, அங்க ஸ்டாகர் பாரம்தான், கார் இடப்பக்கம் இழுக்கும், ஒரு டயர் எப்பவும் தேய்ஞ்சுகொண்டே போகும், வேகமும் குறையும். அதால லேட் மொடல் எண்ட இன்னொரு வகை ஓவல் கார்களில கணக்குக்குக் கிட்டவோ குறையவோ வைக்கிறவை, ஸ்பிரிண்ட் காரில கணக்கை எல்லாம் தாண்டி 10 இஞ்சி அளவுக்கும் போறவை. கணக்கைத் தொடக்கப் புள்ளியா எடுங்கோ, அதுக்குப் பிறகு ஸ்டொப் வொட்சும் டிரைவரின்ர வாயும்தான்.

கேள்வி: எப்பிடி அளக்கிறது? டயரில எழுதியிருக்கிற சைஸைப் பாத்தாக் காணாதோ?

காணாது. ஒரே கொம்பனி ஒரே சைஸ் ஒரே நாள் வாங்கின ரெண்டு டயரே ஒரே சுற்றளவா இருக்கிறது குறைவு, முக்கியமா பயஸ் டயர் (உள்நூலைக் குறுக்கால போட்ட வகை). காரை ஜக் பண்ணி, அந்த ஓட்டத்துக்கு வைக்கிற காத்தையே அடிச்சு, கொஞ்ச நேரம் விட்டிட்டு, டயரின்ர நடு முதுகில ஸ்டீல் டேப்பைச் சுத்தி அளவுங்கோ. தையல்காரரின்ர துணி டேப் வேண்டாம், அது இழுபடும். டேப் ஒரு பக்கம் சரிஞ்சு நிண்டா அஞ்சு பத்து மிமீ பிழை வரும், அதால சுத்தி வர ஒருக்காப் பாருங்கோ. எல்லா டயரையும் ஒரே ஆள், ஒரே டேப்பால அளந்தா நல்லம்.

டயரில சோக்கால கோடு போட்டு சீமெந்துத் தரையில ஒரு சுற்று உருட்டி அளக்கிறதும் ஒரு முறை. அதில வாற இலக்கம் டேப்பை விடக் குறைவா இருக்கும், பாரத்தில டயர் நசியுதெல்லோ. ரெண்டு முறையையும் கலக்காதேங்கோ, ஒண்டைப் பிடிச்சா அதையே பிடியுங்கோ.

கேள்வி: காத்தைக் கூட்டிக் குறைச்சு ஸ்டாகரை மாத்தலாமோ?

பயஸ் டயர் எண்டா மாத்தலாம், காத்தைக் கூட்டக் கூட டயர் வளரும். ஓவல்காரர் பாவிக்கிற ஹூசியர் மாதிரி மண் டயருகள் அப்பிடித்தான், அதால அவைக்கு காத்து எண்டது ஒரு செட்டப் சாமான். ரேடியல் டயர், அதாவது எங்கட ரோட்டுக் காரில இருக்கிறது, உள்ள கம்பி பெல்ட் இருக்கிறதால பெரிசா வளராது, நீங்க பத்து பிஎஸ்ஐ கூட்டினாலும் டேப்பில பெரிய மாற்றம் தெரியாது, டயர் கல்லு மாதிரி இறுகி கிரிப் போறதுதான் மிச்சம்.

சூட்டையும் மறக்காதேங்கோ. காலையில 30 பாகையில 10 பிஎஸ்ஐ அடிச்ச டயர் ஓட்டத்தில உள் காத்து 60 பாகைக்கு வந்தா கிட்டத்தட்ட 12.4 ஆகும். அடிக்கேக்க இருந்த அளவும் ஓடேக்க இருக்கிற அளவும் வேற. வெளிப்பக்கச் சில்லுத்தான் கூடச் சூடேறும், அப்ப ஸ்டாகரும் ஓட ஓடக் கூடும். திருமலையில கச்சான் காத்து அடிக்கிற காலம் வெயிலில காரை விட்டிட்டு நிண்டா வெயில் பட்ட பக்க டயர் மட்டும் ஏறியிருக்கும், நிழல் பக்க டயர் அப்பிடியே இருக்கும், அந்த நேரம் காத்துப் பாத்து இறக்கினா பிறகு ஓட்டத்தில ஒரு பக்கம் குறைஞ்சு நிக்கும். நாலு சில்லும் நிழலில இருக்கேக்க பாருங்கோ.

ரிம் அகலமும் வேலை செய்யும். அதே டயரை அகல ரிம்மில போட்டா முதுகு தட்டையாகி சுற்றளவு கொஞ்சம் குறையும், ஒடுங்கின ரிம்மில போட்டா கூடும்.

கேள்வி: கூடக் காத்தடிச்சு வெயிலில போட்டு டயரை இழுத்துப் பெரிசாக்கலாம் எண்டு ஒரு வீடியோவில…

செய்யுறவை செய்யுறவைதான், அவைக்கு அந்த டயரைத் தெரியும், காவல் கூட்டுக்க வைச்சு தூரத்தில நிண்டு அடிக்கிறவை. நீங்க செய்யாதேங்கோ. கூடக் காத்தடிச்ச டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வெடிச்சா கை முகம் ஒண்டும் மிஞ்சாது. டயர்கடைப் பொடியள் லொறி டயருக்கு ஏன் அவ்வளவு பயப்பிடுறாங்கள் எண்டு கேட்டுப் பாருங்கோ.

கேள்வி: ஸ்டாகர் கூடினா கார் என்ன செய்யும், குறைஞ்சா என்ன செய்யும்?

இடப்பக்க வளைவுக்கு மட்டும் சொல்லுறன். கூடினா கார் தானா வளையும், பின்பக்கம் லேசா வெளிய வரும், ஓவல்காரர் இதை லூஸ் எண்டுவினம். அளவு மீறினா வளைவுக்குள்ள போகேக்கயே பின்பக்கம் சுத்தி வந்திடும், வெளிய வரேக்க சில்லுச் சுத்தும், பிடிக்காது. குறைஞ்சா முன்பக்கம் வளையாமல் வெளிப்பக்கம் தள்ளும், இது டைட். ஆனா வெளிய வரேக்க ரெண்டு பின் சில்லும் சேந்து தள்ளுறதால பிடி நல்லம். அதனாலதான் ட்ராக் ஈரமா, பிடி நல்லா இருக்கேக்க கூடின ஸ்டாகரோட தொடங்கி, காய்ஞ்சு வழுக்கத் தொடங்கினதும் ஸ்டாகரைக் குறைக்கிறவை.

கேள்வி: இப்ப எங்கட கேள்விக்கு வாங்கோ. மார்ச், சிவிக், லேசர் மாதிரி முன் சில்லு இழுக்கிற காருக்கு ஸ்டாகர் போடலாமோ?

வேண்டாம். ஏன் எண்டு சொல்லுறன், ஏனெண்டா சும்மா வேண்டாம் எண்டா நீங்க கேக்க மாட்டியள்.

முதலாவது, இந்தக் கார்களில பின் சில்லு ரெண்டும் தனித்தனியாச் சுத்துது, ஒண்டுக்கொண்டு தொடர்பே இல்லை, அங்க ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன் எண்டு போட்டா கார் வளையாது, ஒரு பக்கம் உயரமா நிக்கும், பாரம் மூலைக்கு மூலை மாறும், அவ்வளவுதான். ரெண்டாவது, முன்னுக்கு டிப் திறந்த டிப்பா (பூட்டில்லாத சாதாரண டிப்) இருந்தா சின்னச் சில்லு கூடச் சுத்தும், பெரிசு குறையச் சுத்தும், டிப்புக்குள்ள இருக்கிற சின்ன கியருகள் நேர் ரோட்டிலயும் ஓயாமல் சுத்திக்கொண்டே இருக்கும், தேய்மானம் மட்டும்தான் லாபம். மூண்டாவது, லிமிட்டட் ஸ்லிப் டிப் (ஒரு சில்லு மட்டும் சும்மா சுத்தாமல் பிடிக்கிறது) போட்டிருந்தா அது எப்பவும் அரைப் பூட்டில நிண்டு சூடேறும், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுக்கும். நாலாவது, டிப்பை வெல்ட் பண்ணி வைச்சிருக்கிற ஆக்கள், உங்களுக்குத்தான் ஆசை வரும், இடப்பக்க வளைவில நல்லா வளையும் எண்டு. வளையும்தான். அடுத்த வலப்பக்க வளைவில என்ன செய்யப் போறியள்? அங்க அதே ஸ்டாகர் எதிரா நிண்டு காரை நேரா வெளிய தள்ளும். சாலியபுரவிலயோ சீகிரியாவிலயோ எல்லா வளைவும் ஒரு பக்கமா இருக்கு? இல்லையே.

எங்கட ஆக்களுக்குச் சிக்கல் ஸ்டாகர் இல்லாதது இல்லை. தெரியாமலே ஸ்டாகரோட ஓடுறதுதான் சிக்கல்.

கேள்வி: தெரியாமலே ஸ்டாகர் எப்பிடி வரும்?

ஒரு பக்கம் புது டயர், மற்றப் பக்கம் அஞ்சு மிமீ தேய்ஞ்ச டயர். அஞ்சு மிமீ தேய்ஞ்சா சுற்றளவு 31 மிமீ குறையும். சைஸ் ஒண்டுதான், ஆனா மேல நான் போட்ட கணக்கில 100 மீற்றர் ஆரையில ஒரு ஓவல் ஓடுற அளவுக்கு ஸ்டாகர் வந்திட்டுது. கடையில கிடைச்ச பழைய ஜப்பான் டயரை ரெண்டு பக்கமும் ரெண்டு கொம்பனியாப் போட்டாலும் இதே கதைதான். 175/65 ஆர் 14 டயரின்ர சுற்றளவு கணக்குப்படி 1832 மிமீ, 185/65 ஆர் 14 எண்டா 1873 மிமீ. "கிட்டத்தட்ட ஒண்டுதானே அண்ணை" எண்டு போட்டு ஓடுறவையைக் கண்டிருக்கிறன், 41 மிமீ வித்தியாசம் கிட்டத்தட்ட ஒண்டில்லை. டாக் டயர் (பழைய டயருக்குப் புது முதுகு ஒட்டினது) எண்டா இன்னும் மோசம், ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு, ஓட்டத்துக்கு அதைப் போடவே வேண்டாம், முதுகு உரிஞ்சு போகும்.

பிறகு கார் ஒரு பக்கம் இழுக்குது எண்டு அலைன்மெண்ட்டுக்கு ஓடுவினம், ஷொக் மாத்துவினம், காசு போகும். முதல்ல டேப்பை எடுத்து நாலையும் அளவுங்கோ. முன் ரெண்டுக்கும் இடையில ஒரு சில மிமீக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது, பின் ரெண்டுக்கும் அப்பிடியே. உங்களிட்ட ஆறு டயர் இருந்தா எல்லாத்தையும் அளந்து உள்பக்கச் சுவரில சோக்கால எழுதி, சோடி பாத்துப் போடுங்கோ. செலவே இல்லாத செட்டப் இது.

கேள்வி: நாலு சில்லும் இழுக்கிற எவோ, சுபாரு?

நாலு டயரும் ஒரே அளவு. இல்லாட்டி முன் பின் அக்சிலுக்கு இடையில இருக்கிற நடு டிப் பழுதாப் போகும். வேற கதையே இல்லை.

கேள்வி: சில்லுச் சில்லாப் பாரம் பாக்கிறது எண்டுறாங்கள், அந்த ஸ்கேல் இங்க எங்க இருக்கு?

அந்த நாலு தட்டு எலெக்ட்ரோனிக் ஸ்கேல் வைச்சிருக்கிற ஆக்கள் எங்கட பக்கம் குறைவு, ஆனா பாரம் பாக்க வேற வழி இருக்கு. நெல்லுக் கடை, மீன் வாடி எல்லாம் தட்டுத் தராசு வைச்சிருக்கினம், கந்தளாய்ப் பக்கம் போனா கேக்கத் தேவையில்லை. 300 கிலோ தாங்கிற தராசு ஒண்டு காணும், சின்னக் காரில ஒரு சில்லுக்கு அதுக்கு மேல வாறது குறைவு. தராசின்ர உயரம் எவ்வளவோ அதே உயரத்துக்கு மற்ற மூண்டு சில்லுக்கும் அடியில பலகை வைக்கோணும், இதுதான் முக்கியம், ஒரு இஞ்சி வித்தியாசம் இருந்தாலும் இலக்கம் பொய் சொல்லும். தரை மட்டமா எண்டு தண்ணி மட்டக் குழாயால பாருங்கோ. டிரைவரை ஏத்தி இருத்துங்கோ, டாங்கில பெற்றோல் ஓட்டத்தில இருக்கிற அளவு, ஹேண்ட் பிரேக் விடுங்கோ, காரை நாலு தரம் குலுக்கி விட்டிட்டு வாசியுங்கோ. பிறகு அடுத்த சில்லு.

தராசு கிடைக்காட்டி வீட்டில ஆள் நிறுக்கிற தராசு ஒண்டும் தடிச்ச மரச் சட்டம் ஒண்டும் காணும். சட்டத்தின்ர ஒரு நுனி ஒரு குழாயில, மற்ற நுனி தராசில, ரெண்டுக்கும் இடையில 90 சென்ரிமீற்றர். சில்லின்ர நடு, குழாயில இருந்து 30 சென்ரிமீற்றரில. அப்ப தராசில மூண்டில ஒரு பங்குதான் ஏறும். வெறும் சட்டத்தோட தராசு என்ன காட்டுது எண்டதைக் கழிச்சு மூண்டால பெருக்குங்கோ. 280 கிலோச் சில்லு தராசுக்கு 93 கிலோதான். சட்டம் வளையாத சட்டமா இருக்கோணும், முதிரைக் கட்டை எண்டா யோசிக்கத் தேவையில்லை.

கேள்வி: பாத்தாச்சு, இலக்கத்தை வைச்சு என்ன செய்யுறது?

ஒரு உதாரணம். முன் இடம் 280, முன் வலம் 275, பின் இடம் 145, பின் வலம் 170. மொத்தம் 870. முன் பாரம் 555, அதாவது கிட்டத்தட்ட 64 வீதம், முன் சில்லு இழுக்கிற காரில இது வழமை. இப்ப மூலைக்கு மூலை கூட்டுங்கோ. முன் வலமும் பின் இடமும் 420. முன் இடமும் பின் வலமும் 450. முப்பது கிலோ சாய்வு. இந்தக் கார் ஒரு பக்கம் நல்லா வளையும், மற்றப் பக்கம் வளையாது, டிரைவர் வந்து "வலப்பக்கம் மட்டும் ஒரு மாதிரி" எண்டு சொல்லுவான், ஆருக்கும் காரணம் விளங்காது.

ஓவல்காரருக்கு இந்தச் சாய்வுதான் ஆயுதம். வெட்ஜ் எண்டு சொல்லுவினம், முன் வலமும் பின் இடமும் சேந்த பாரம் மொத்தத்தில எத்தனை வீதம் எண்டு பாக்கிறது. கூட்டினா இடப்பக்க வளைவில கார் டைட் ஆகும், குறைச்சா லூஸ். பின் இடம் பின் வலத்தை விட எத்தனை கிலோ கூட எண்டதையும் தனியாப் பாப்பினம், அதுக்கு பைட் எண்டு பேர். கனடாப் பொடியள், உங்களுக்குத்தான் இது. ஒரு மூலை ஸ்பிரிங்கின்ர அடித்தட்டை உயர்த்தினா அந்தச் சில்லிலயும் எதிர் மூலைச் சில்லிலயும் பாரம் ஏறும், மற்ற ரெண்டிலயும் இறங்கும். இடப்பக்க வீதத்தையும் முன் பின் வீதத்தையும் ஸ்பிரிங் திருப்பி மாத்த ஏலாது, அதுக்குப் பட்டரி, எண்ணெய் டாங்க், ஈயக்கட்டி எண்டு பாரத்தைத்தான் தூக்கி வேற இடம் வைக்கோணும். இன்னொண்டு, ஸ்டாகரை மாத்தினாலும் அந்த மூலை உயரம் மாறும், வெட்ஜும் மாறும், அதால டயர் மாத்தினாப் பிறகு திரும்பப் பாரம் பாருங்கோ.

எங்களுக்கு 50 வீதம். ரெண்டு மூலைக் கூட்டலும் சமன். உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங் இல்லாத கார் எண்டா ஸ்பிரிங்குக்கு அடியில றப்பர் ஸ்பேசர் வைச்சுச் சரிக்கட்டலாம், அதுக்கு முதல் ஒரு ஸ்பிரிங் அமுங்கிப் போயிருக்கோ எண்டு கழட்டி நிமித்திப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, பழைய காரில பாதி நேரம் அதான் காரணம். வலப்பக்கம் ஸ்டியரிங், டிரைவர் வலப்பக்கம், அப்ப பட்டரியை இடப்பக்கம் பின்னுக்குக் கொண்டு போனா கொஞ்சம் சமனாகும்.

கேள்வி: முன் சில்லு இழுக்கிற கார் மண்ணில வளையாமல் நேராப் போகுது. எதை முதல் மாத்துறது?

ஒழுங்கா ஒண்டொண்டாப் போங்கோ. முதல் டிரைவர். வளைவுக்க காஸ் மிதிச்சுக்கொண்டே ஸ்டியரிங்கை முறுக்கினா எந்தச் செட்டப்பாலும் வளையாது. வளைவுக்கு முதல் காஸை விட்டு, இடக்காலால பிரேக்கை லேசாத் தொட்டு முன்பக்கத்தில பாரத்தை ஏத்தினா பின்பக்கம் தானா வரும். இது பழகாமல் செட்டப்புக்குக் காசு கொட்டுறது வீண்.

அடுத்தது காத்து. பின் டயருக்கு முன்னை விடக் காத்துக் கூட்டிப் பாருங்கோ, பின் பிடி குறைய கார் வளையும். முன் டயரில காத்தைக் கண்டபாட்டுக்குக் குறைக்காதேங்கோ, கல்லிருக்கிற கிரவலில ரிம் அடிபடும், டயர் ரிம்மை விட்டுக் கழண்டு போகும். பிறகு அன்ரி ரோல் பார் (வளைவில கார் சாயாமல் பிடிக்கிற கம்பி), முன்னதை மெல்லிசாக்கிறது இல்லாட்டிக் கழட்டுறது, பின்பக்கத்தை இறுக்கிறது. அதுக்குப் பிறகுதான் ஸ்பிரிங், பின் ஸ்பிரிங் கொஞ்சம் கடினம். பின் சில்லு லேசா டோ அவுட் (சில்லின்ர முன்பக்கம் வெளிய திரும்பி நிக்கிறது) வைச்சாலும் வளையும், ஆனா வேகமான நேர்ப்பாதையில பின்பக்கம் ஆடும், பழகாத ஆள் வைக்கக்கூடாது.

ஒரு நேரத்தில ஒண்டு மட்டும் மாத்துங்கோ. காத்தையும் ஷொக்கையும் சேத்து மாத்தினா எது வேலை செய்தது எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ: ட்ராக் ஈரமோ காய்ச்சலோ, காத்து ஓட முதல் எவ்வளவு, ஓடி முடிய எவ்வளவு, டிரைவர் என்ன சொன்னான்.

கேள்வி: ரேசுக் கார் எண்டா உயரம் குறைஞ்சு பதிஞ்சு இருக்கோணும், ஸ்பிரிங் வெட்டலாம்தானே?

தார் ரோட்டுக்கு உயரம் குறைச்சுப் பாத்த கண்ணால மண்ணைப் பாக்காதேங்கோ. மண்ணில சில்லு குழிக்குள்ள இறங்கி ஏற இடம் வேணும், அந்த இடம் இல்லாட்டி சில்லு நிலத்தை விட்டு எழும்பும், எழும்பின சில்லு இழுக்காது. ஸ்பிரிங்கை வெட்டினா அது கடினமாகும், இடமும் குறையும், ரெண்டு பக்கத்தாலயும் நட்டம். எஞ்சினுக்கு அடியில தடிச்ச தகடு ஒண்டு போடுங்கோ, சம்ப் (எஞ்சின் ஒயில் தட்டு) ஓட்டையாப் போனா அண்டைய ஓட்டம் முடிஞ்சுது.

கேள்வி: காலையில நல்லா ஓடின கார் பின்னேரம் வழுக்குது, காரில என்ன பிழை?

காரில பிழையில்லை, மண் மாறிப்போச்சு. காலையில பவுசரால தண்ணி அடிச்ச ட்ராக் ஈரமா, டயர் கடிச்சுப் பிடிக்கும். கார் ஓட ஓட மேல்மண் காய்ஞ்சு, ஓடுற பாதை மினுங்கிக்கொண்டு இறுகிப்போகும், உதிரிக் கல்லெல்லாம் வளைவுக்கு வெளியால குவியும். காலையில வேலை செய்த செட்டப் பின்னேரத்துக்கு அளவுக்கு மிஞ்சின கடினம். ஷொக்கில இறுக்கம் மாத்துற கிளிக் இருந்தா மெதுவாக்குங்கோ, டயர் காத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ, பிரேக்கை முந்திப் பிடிக்கச் சொல்லுங்கோ. நடந்து போய் ட்ராக்கைப் பாருங்கோ, குதிக்காலால ஒருக்கா உரஞ்சினா அடியில ஈரம் இருக்கோ எண்டு தெரிஞ்சிடும், ஈரம் இருக்கிற பக்கத்தால கோடு மாத்தி ஓடுற டிரைவர் செட்டப் இல்லாமலே முன்னுக்குப் போவான். 2021 இல அமெரிக்காவின்ர நாஸ்கார் ரேஸ்காரர் அங்கத்தைய பிரிஸ்டல் கொங்கிறீட் ட்ராக்கை மண்ணால மூடி ஓடினவை, 2023 வரைக்கும் மூண்டு வருசம் அப்பிடி, பிறகு திரும்பக் கொங்கிறீட்டுக்கே போட்டினம். கொங்கிறீட்டில பழகின அவையும் அங்க தூசியோடயும் காயிற மண்ணோடயும் மல்லுக்கட்டினவைதான்.

கேள்வி: கம்பர் (சில்லு உள்ள வெளிய சரிஞ்சு நிக்கிறது), காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பிற அச்சு முன் பின்னாச் சரிஞ்சு நிக்கிறது) எப்பிடி வைக்கிறது?

ஓவலில இடமும் வலமும் வேற வேற வைப்பினம், வலது முன் சில்லு மேல்பக்கம் உள்ளுக்குச் சரிஞ்சும் இடது முன் சில்லு வெளிய சரிஞ்சும் நிக்கும். எங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டு. அலைன்மெண்ட் கடையில "மெஷினில பச்சைக்க இருக்கு அண்ணை" எண்டு சொன்னாக் காணாது, இடமும் வலமும் ஒரே இலக்கமோ எண்டு பிரிண்ட் வாங்கிப் பாருங்கோ.

கேள்வி: ஓடிப் பாக்க இங்க இடம் எங்க இருக்கு? நிலாவெளி ரோட்டில இரவில, இல்லாட்டி கடற்கரையில?

ரெண்டும் இல்லை. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில கார் ஒண்டு ட்ராக்கை விட்டுப் பாத்துக்கொண்டு நிண்ட சனத்துக்குள்ள போய் 7 பேர் செத்தவை. ஒழுங்கு பண்ணி நடத்தின ஓட்டத்திலயே அப்பிடி எண்டா, மாடும் ஓட்டோவும் திரியிற ரோட்டில யோசிச்சுப் பாருங்கோ. கடற்கரை மணல் வேற சாமான், அது இறுகாது, அங்க படிச்சது கிரவலுக்கு உதவாது. ஆரின்ரயும் சொந்தக் காணி, சொந்தக்காரரிட்டக் கேட்டு, சுத்தி ஆள் நடமாட்டம் இல்லாமல், தீயணைக்கிற சிலிண்டரும் ரெண்டு பெரிய ஆக்களும் பக்கத்தில. கோன் நாலு வைச்சு எட்டுப் போட்டு ஓடுங்கோ. எட்டில இடமும் வலமும் வரும், மூலைப் பாரம் சமன் இல்லாட்டி அதில உடன காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: போல்ட் எல்லாம் துருப்பிடிச்சு இறுகிப்போகுது, செட்டப் மாத்தவே ஏலாமல் கிடக்கு.

கடல் காத்து ஊரில அப்பிடித்தான். ஸ்பிரிங் தட்டு, டை ரொட் நட்டு, ஷொக் போல்ட் எல்லாம் கழட்டி கிறீஸ் பூசிப் பூட்டி வையுங்கோ, கொப்பர் கிறீஸ் கிடைச்சா இன்னும் நல்லம். ஓட்டம் முடிஞ்சு வந்து காரைக் கழுவேக்க சேஸிக்குள்ள அடைஞ்ச மண்ணை முழுக்க எடுங்கோ, ஈர மண் கிடந்துதான் உள்ளால திண்டுகொண்டு வாறது, கிலோக்கணக்கில பாரமும் ஏறும். கழுவின கையோட வெல்டிங் பாத்தெல்லாம் ஒரு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, மயிரிழை வெடிப்பு இருந்தா சுத்தமான இரும்பிலதான் தெரியும்.